கண் மங்கினால் எல்லாம் புரை அல்ல



மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு திங்கட்கிழமை காலை, வீராம்பட்டினத்திலிருந்து இரண்டு சகோதரிகள் ஒரே ஆட்டோவில் எங்கள் கண் பிரிவுக்கு வந்து இறங்கினார்கள். அக்காளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கண்ணிலும் பால் ஊற்றியதுபோல் வெண்மை. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடிந்தது. தங்கை அறுபதைக் கடந்தவர். அவர்தான் அக்காளின் கையைப் பிடித்து அழைத்துவந்தார். பெயர் பதியும் இடத்தில் சிஸ்டர் இருவர் பெயரையும் எழுதத் தொடங்கியபோது, "எனக்கு ஒன்னும் இல்லம்மா, கொஞ்சம் மங்கலா இருக்கு, அவ்வளவுதான். அக்காவுக்குத்தான் கண்ணு சுத்தமா தெரியல, அவங்களப் பாருங்க" என்றார் தங்கை.

ஆனால் அவர் பெஞ்சுக்கு நடந்துபோகையில் பக்கத்தில் இருந்த எடை பார்க்கும் மெஷினில் கால் இடறிற்று. திரும்பி வரும்போது மறுபடியும் இடறிற்று. அதை ஒரு சிஸ்டர் கவனித்துவிட்டார்.

பத்து நாட்களுக்குள் அக்காளுக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் அவர் முதலில் பார்த்தது தங்கையின் முகத்தைத்தான். "என்னடி இப்படி நரைச்சுப் போயிட்டே" என்று கேட்டார். வார்டே சிரித்தது. தங்கைக்கோ நாங்கள் சொல்லவேண்டியிருந்த செய்தி வேறு. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும் என்று அவரிடம் சொன்னோம்.

இருவரும் ஒரே வார்த்தையில்தான் தங்கள் குறையைச் சொன்னார்கள்: மங்கல். ஒன்று ஏன் திரும்பியது, மற்றொன்று ஏன் திரும்பவில்லை? உங்களில் பலர் இதே கேள்வியைக் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். கண்ணுக்குள் ஒருமுறை போய் வந்தால்தான் இதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியும். ஆகையால் இந்த இதழில் வழக்கமான செய்திகளைச் சுருக்கிக்கொண்டு, கண் எப்படி வேலை செய்கிறது என்பதை எழுதுகிறோம்.

கண் என்பது ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு உருண்டை. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. அதில் ஆறில் ஒரு பங்குதான் வெளியே தெரிகிறது, மற்றதெல்லாம் எலும்புக் குழிக்குள் கொழுப்பு மெத்தையில் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு கண்ணையும் திருப்புவதற்கு ஆறு தசைகள் உண்டு. வெள்ளையாகத் தெரிவது அதன் தடித்த வெளிச்சுவர்.

முன்பக்கத்தில் அந்தச் சுவரே கண்ணாடிபோல் தெளிந்துவிடுகிறது. அந்தக் கண்ணாடிச் சன்னலுக்கு ஆஸ்பத்திரியில் நாங்கள் சொல்லும் பெயர் கருவிழி. இந்தப் பெயரால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. "கருவிழி" என்றதும் கேட்பவர் கண்ணின் கறுப்பைத்தான் நினைக்கிறார். கருவிழிக்கு நிறமே கிடையாது. அதன் வழியாக உள்ளே தெரியும் இருட்டைத்தான் நாம் கருமை என்கிறோம். யாரையாவது பக்கவாட்டில் நிற்கவைத்து அவர் கண்ணைப் பாருங்கள். கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி முன்னே புடைத்து நிற்பது தெரியும். அதுதான் கருவிழி.

அதன் நடுவில் கனம் அரை மில்லிமீட்டர்தான். அதற்குள் ஒரு இரத்தக்குழாய்கூட இல்லை, இருந்தால் ஒளியை மறைக்கும். பிராணவாயுவை அது பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீரின் வழியாக எடுத்துக்கொள்கிறது. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவைபோல் இமைப்பதே அந்தக் கண்ணீரைக் கண் முழுவதும் புதிதாகப் பூசத்தான். பழைய கண்ணீர் உள்மூலையில் இருக்கும் சிறு துவாரங்கள் வழியாக மூக்குக்குள் வடிந்துவிடும். அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான்.

ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது லென்ஸ் அல்ல, இந்தக் கருவிழிதான். பாகூர்ப் பக்கத்தில் அறுவடை நாட்களில் நெல் உமியோ வைக்கோல் துணுக்கோ கண்ணில் பட்டால் நாங்கள் பதறுவதும் இதற்காகவே. சின்னக் கீறலில் பூஞ்சை புகுந்துவிட்டால் புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். "கண்ணில் பூ விழுந்தது" என்று நம் பெரியவர்கள் சொன்னது பெரும்பாலும் இந்தத் தழும்பைத்தான். கண்ணில் ஏதாவது விழுந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு நேரே டாக்டரிடம் வாருங்கள். தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் வேண்டாம். மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்குவதும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அது சில கண்களில் என்ன செய்யும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

கருவிழிக்குப் பின்னால் ஐரிஸ் என்னும் வட்டத் திரை. நமக்குப் பழுப்பு, சில ஐரோப்பியருக்கு நீலம். அதன் நடுவில் உள்ள துவாரமே கண்பாவை. அதில் எதிரே நிற்பவரின் உருவம் சிறு பொம்மைபோல் தெரிவதால் நம் முன்னோர் பாவை என்றார்கள். திருக்குறளிலேயே அந்தப் பெயர் வருகிறது. இலத்தீன் மொழியிலும் அதற்குப் பொம்மை என்ற பொருள் தரும் பெயர்தான். இரண்டு மொழிக்காரர்கள் ஒரே பொம்மையைப் பார்த்திருக்கிறார்கள்!

நம் ஊரில் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளின் மரச் சன்னல்களைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறினால் சாத்துவார்கள், சாய்ந்தால் திறப்பார்கள். ஐரிஸ் அந்த வேலையைத் தானாகச் செய்கிறது. மதிய வெயிலில் கடற்கரைச் சாலையில் நிற்கும்போது துவாரம் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும், இருட்டில் 8 மில்லிமீட்டர்வரை விரியும். அந்த வெயிலிலிருந்து நேரே கப்ஸ் கோயிலுக்குள் நுழைந்து பாருங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது, சில நொடிகளில் பெஞ்சுகள் தெரியும். ஆனால் மூலையில் இருக்கும் நிழல் உருவங்கள் தெளிவாகத் தெரியக் கால் மணிநேரத்துக்கு மேல் ஆகும். ஏனென்றால் முதல் வேலை ஐரிஸுடையது, இரண்டாவது வேலை விழித்திரையுடையது. விழித்திரை தன் இரசாயனத்தைப் புதுப்பித்துக்கொள்ள நேரம் எடுக்கும்.

பாவைக்குப் பின்னால் இருப்பது லென்ஸ். உருவத்தில் ஒரு பெரிய துவரம்பருப்பு மாதிரி, ஆனால் தண்ணீர்போல் தெளிவானது. மெல்லிய பை ஒன்றுக்குள் இருக்கிறது. அந்தப் பை நுண்ணிய நூல்களால் சுற்றிலும் உள்ள ஒரு தசை வளையத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. கிட்டே உள்ளதைப் பார்க்கும்போது தசை இறுகி, நூல்கள் தளர்ந்து, லென்ஸ் தடிக்கும். தூரப் பார்வைக்கு மெலியும். நாற்பது வயதைத் தாண்டும்போது லென்ஸ் விறைத்துப்போவதால் இந்த வித்தை நின்றுவிடுகிறது. ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைக் கை நீளம் தள்ளிப் பிடிப்பவர்களின் வயதை நாங்கள் கேட்காமலே சொல்லிவிடுவோம்!

லென்ஸ் ஆயுள் முழுவதும் வளர்கிறது. தோலைப்போல் பழையதை உதிர்ப்பதில்லை, பழைய அடுக்கின் மேல் புது அடுக்கு வைக்கிறது. எனவே அதன் நடுப்பகுதி நாம் பிறப்பதற்கு முன் உண்டானது. எழுபது, எண்பது வருடம் வெயிலையும் வயதையும் தாங்கிய அந்தப் புரதம் கடைசியில் முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல் கலங்கிவிடுகிறது. கண்புரை என்பது இதுதான். கண்மேல் வளரும் சதை அல்ல. சதை வளர்வது வேறு நோய். கடலில் வெயிலும் உப்புக் காற்றும் படும் மீனவர்களிடம் அதை நிறையப் பார்க்கிறோம், அது கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழிமேல் படரும். புரை பாவைக்குப் பின்னால், உள்ளே இருக்கிறது.

இதற்கு வைத்தியம் மிகப் பழையது. ஊசியால் லென்சைக் கண்ணுக்குள்ளேயே பின்னுக்குத் தள்ளிவிடும் முறை சுசுருதர் நூலில் இருக்கிறது. தள்ளினால் வெளிச்சம் வரும், பல கண்கள் பிற்பாடு கெட்டும் போகும். புரையை வெளியே எடுக்கும் முறையை 1747இல் பிரான்சில் ழாக் தவியேல் என்பவர் தொடங்கினார். இங்கே துய்ப்ளே ஆளுநராக இருந்து, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பின்னர் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண் வைத்தியத்தில் தாமே ஈடுபட்டார். தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து கல்வி கற்றவர் அவர். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், அவர்களுடைய கண்களின் வண்ணப் படங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

லென்சை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் என்ன வைப்பது? நெடுநாள் ஒன்றும் வைக்கவில்லை. நோயாளிக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். வேலூரில் டாக்டர் விக்டர் ராம்போ போன்ற மிஷன் டாக்டர்கள் ஊர் ஊராகப் போய் முகாம் நடத்திய காலத்தில் அந்தக் கண்ணாடிதான் பெரிய வரம். ஆனால் அது உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும், படி எது தரை எது என்று தடுமாறவைக்கும், உடைந்தால் மறுபடி குருட்டுத்தனம். ஆகவேதான் அன்றைய டாக்டர்களே "இருக்கும் பார்வை போகட்டும், புரை முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்றார்கள். இன்றும் கிராமங்களில் அதே பேச்சு இருக்கிறது. அதை அறியாமை என்று நாம் சிரிப்பது நியாயமல்ல. சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் நமக்குத் தாமதமாகிவிட்டது.

லண்டனில் ஹெரல்டு ரிட்லி என்ற டாக்டர் போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் உள்ளேயே தொந்தரவில்லாமல் தங்கியிருப்பதைக் கவனித்தார். அந்தப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949இல் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். பல ஆண்டுகள் அது பணக்காரரின் வைத்தியமாகவே இருந்தது. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி லென்சை இங்கேயே செய்தபின் விலை பல மடங்கு குறைந்தது. இன்று ஒரு மீனவத் தாய்க்கும் கண்ணுக்குள் லென்ஸ் வைக்க முடிகிறதென்றால் இதுவே பெரிய காரணம். இப்போது கலங்கிய லென்சை மட்டும் எடுத்துவிட்டு, அது இருந்த பையிலேயே புதியதை வைக்கிறோம். கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். வீராம்பட்டினத்து அக்காளுக்குச் செய்ததும் இதுதான். அவருடைய சன்னல் கலங்கியிருந்தது, சன்னலை மாற்றினோம். உள்ளே வீடு நன்றாகவே இருந்தது.

தங்கையின் கதை அந்த வீட்டுக்குள் நடந்தது.

லென்சுக்குப் பின்னால் கண்ணின் பெரும்பகுதியை நிறைப்பது முட்டையின் வெள்ளைக்கருபோன்ற ஒரு கூழ். அதைத் தாண்டி, உட்சுவரில் காகிதம்போல் ஒட்டியிருப்பது விழித்திரை. கருவிழியும் லென்சும் குவித்த ஒளி இங்கே தலைகீழ் உருவமாக விழுகிறது. நிமிர்த்திப் புரிந்துகொள்வது மூளையின் வேலை.

விழித்திரையில் இரண்டு வகை ஒளி அணுக்கள். குச்சி அணுக்கள் ஏறக்குறைய 12 கோடி. மங்கிய வெளிச்சத்திலும் ஓரப் பார்வையிலும் உதவுபவை, நிறம் அறியாதவை. கூம்பு அணுக்கள் சுமார் 60 லட்சம். நிறமும் நுணுக்கமும் இவற்றால்தான். இவை நடுவில் ஒரு சிறு குழிவில் நெருங்கிக் கிடக்கின்றன. நீங்கள் இந்த வரியைப் படிப்பது அந்தக் குழிவால். வாசலில் யாரோ வருவதை நிமிராமலே உணர்வது ஓரத்தில் உள்ள குச்சிகளால். குச்சி அணுக்களின் நிறமிக்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் குழந்தைக்கு மாலைக்கண் வரும், இன்னும் குறைந்தால் கருவிழியே கரைந்துபோகும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் நம் கொல்லையில் இருக்கையில் அப்படி நடக்கவேண்டியதில்லை. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கசியும். அதைப்பற்றி எழுதினால் தனி இதழ் வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

அத்தனை கோடி அணுக்களின் செய்தியும் கடைசியில் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட நரம்பு இழைகளில் சுருக்கப்படுகிறது. அந்த இழைகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து, ஒரு கயிறாகி, கண்ணின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு மூளைக்குப் போகின்றன. அதுவே பார்வை நரம்பு. அது புறப்படும் இடத்தில் ஒளி அணுவே கிடையாது. ஆகவே நம் ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு குருட்டு இடம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு மாரியோத் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது யாரும் எளிதில் நம்பவில்லையாம்.

நீங்களே செய்துபாருங்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்து நிமிர்த்திப் பிடியுங்கள். இடக்கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலக்கண்ணால் இடது கட்டைவிரலையே பாருங்கள், பார்வையை எடுக்கவேண்டாம். இப்போது வலது கையை மெள்ள மெள்ள வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாண் தூரத்துக்குள் கட்டைவிரலின் நுனி மறைந்துபோகும். இன்னும் நகர்த்தினால் திரும்ப வரும்.

விரல் மறைந்தபோது அங்கே என்ன தெரிந்தது என்பதைக் கவனித்தீர்களா? கறுப்பு ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. பின்னால் உள்ள சுவர் நிறமே அங்கேயும் தெரிந்திருக்கும். மூளை பக்கத்தில் உள்ளதை எடுத்து ஓட்டையை மூடிவிடுகிறது. பிறந்த நாள்முதல் நமக்கு இந்த ஓட்டை இருக்கிறது, இன்றுவரை நாம் அறியவில்லை. தங்கைக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சோதனை போதும்.

கருவிழிக்கும் லென்சுக்கும் இடையே உள்ள இடத்தில் தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. இரத்தக்குழாய் இல்லாத கருவிழிக்கும் லென்சுக்கும் உணவு கொடுப்பது இந்த நீர். லென்சைச் சுற்றியுள்ள தசை வளையத்தருகே ஊறி, பாவை வழியாக முன்னே வந்து, கருவிழியும் ஐரிசும் சேரும் மூலையில் ஒரு சல்லடை வழியாக வடிந்துவிடும். ஊறுவதும் வடிவதும் சமமாக இருந்தால் உள்ளே அழுத்தம் சீராக இருக்கும். சாதாரணமாக 10 முதல் 21 வரை, இரத்த அழுத்தம் அளக்கும் அதே பாதரச அளவில்.

நம் ஊரின் பெரிய வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் என்ன நடக்கும் என்று புதுச்சேரிக்காரருக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் வாய்க்காலுக்கு மேலே வானம் இருக்கிறது, தண்ணீர் வழிந்து தெருவுக்கு வரும், எல்லாரும் பார்ப்பார்கள். கண் மூடிய பாத்திரம். சல்லடை அடைத்தால் நீர் வழிய இடமில்லை, அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் சுவரில் எங்கே பலவீனமோ அங்கே தாக்கும். பார்வை நரம்பு வெளியேறும் துளைதான் அந்தப் பலவீனமான இடம். இழைகள் ஒவ்வொன்றாய் நசுங்கிச் சாகின்றன. கிளாக்கோமா என்று டாக்டர்கள் சொல்லும் கண் நீர் அழுத்த நோய் இதுதான். அழுத்தம் சாதாரண அளவில் இருக்கும்போதே நரம்பு கெடுகிற சிலரும் உண்டு. அதனால் அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது, நரம்பின் முகத்தையும் பார்க்கவேண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டால் சில கண்களில் இந்த அழுத்தம் ஏறிவிடும்.

முதலில் சாவது ஓரப் பார்வைக்குரிய இழைகள். வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரத்தில் ஓட்டை விழுந்தால் மூளை அதை மூடிவிடுகிறது, உங்கள் கட்டைவிரலை மூடியதுபோல. நடுப் பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். பரிசோதனை அட்டையில் தங்கை கடைசிக்கு முந்தின வரிவரை சரியாகக் காட்டினார்! ஆனால் அவருடைய பார்வை ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகிவிட்டிருந்தது. எடை மெஷின் அந்தக் குழாய்க்கு வெளியே இருந்தது. இதே நோயில் வேறொரு வகை உண்டு: திடீரென்று கண் சிவந்து, தாங்கமுடியாத வலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். அது வந்தவர் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவார். சத்தமில்லாத வகைதான் ஆளைக் கெடுக்கிறது.

ஒன்றை இங்கே மறைக்காமல் எழுதவேண்டும். ஐந்து வருடங்களுக்கு முன் அவர்கள் ஊரில் நடந்த கண் முகாமுக்கு இந்த இரண்டு சகோதரிகளும் வந்திருந்தார்கள். அக்காள் "முற்றட்டும்" என்று பயந்து போய்விட்டார். தங்கைக்கு அட்டை காட்டினோம், டார்ச் அடித்துப் பார்த்தோம், "பார்வை நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக் கிட்டப் பார்வைக்கு ஒரு கண்ணாடி கொடுத்து அனுப்பினோம். அழுத்தத்தை அளக்கவில்லை, நரம்பைப் பார்க்கவில்லை. பிறகு ஓரம் மங்கத் தொடங்கியபோது அவர், அக்காளுக்கு வந்த புரை தமக்கும் வருகிறது, முற்றியபின் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். பக்கத்து வீட்டாரும் அதையே சொன்னார்களாம். அந்த முகாம் எங்களுடையது. உங்கள் காணிக்கையில் நடந்தது.

இது ஒரு முகாமின் குறை மட்டுமல்ல. தமிழ்நாட்டின் மூன்று தென்மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து அரவிந்த் மருத்துவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்த நோய் இருந்தது. அதில் சத்தமில்லாத வகை உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியவில்லை. அவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஒரு கண் டாக்டரிடம் போய் வந்தவர்கள் என்பதுதான் எங்களை உறுத்துகிறது.

இப்போது எங்கள் முகாம்களில் 40 வயது ஆனவர்கள் ஒவ்வொருவருக்கும் கண் அழுத்தம் அளக்கிறோம், நரம்பையும் பார்க்கிறோம். இதனால் ஒரு நாளில் பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. உங்களுக்கு அனுப்பும் கணக்கில் முகாமுக்கு வந்தோர் தொகை முன்னைவிடச் சிறியதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

"முழுக் கண்ணையே மாற்றிவிட முடியாதா? நாங்கள் கண்தானம் எழுதிக்கொடுத்திருக்கிறோமே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தானம் கொடுத்த கண்ணிலிருந்து பார்வைக்காக எடுத்து வைக்கப்படுவது கருவிழி மட்டுமே. அதில் இரத்தக்குழாய் இல்லாததால் பெரும்பாலும் இரத்தப் பிரிவுகூடப் பார்க்கவேண்டியதில்லை. சென்னையில் 1945இலேயே கண் வங்கி தொடங்கிவிட்டார்கள். நம் எழுத்தைவிட நம் வீட்டாருடைய நினைவுதான் அதற்கு முக்கியம்: உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் சொல்லி அனுப்பவேண்டும், அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்திருக்கவேண்டும். ஆனால் செத்த நரம்புக்கு மாற்று இல்லை. 2023இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே பொருத்திப் பார்த்தார்கள். கண்ணில் இரத்தம் ஓடியது, கண் உயிரோடு இருந்தது. பார்வை வரவில்லை. பத்து லட்சம் இழைகளை ஒவ்வொன்றாய் மூளையோடு இணைக்க இன்னும் யாருக்கும் தெரியாது.

நம் ஊரில் பரிசோதனைக்கு இடமில்லை என்ற பேச்சுக்கு வழியில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வளர்ந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எங்களிடம் வந்தாலும் சரி, அங்கே போனாலும் சரி. நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், எல்லாருக்கும் முதலாவதாக இந்த நோய் உள்ளவர்களின் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும். இது குடும்பத்தில் வரும் நோய்.

அப்படித்தான் தங்கையின் மகனை வரச்சொன்னோம். நாற்பத்து மூன்று வயது, படகில் போகிறவர். "கரையிலேர்ந்து வலை கண்ணு எண்ணுவேன் டாக்டரம்மா, எனக்கு எதுக்கு?" என்று இரண்டு முறை தட்டிக்கழித்தார். மூன்றாம் முறை பெரியம்மா, அதாவது புதுக் கண்ணோடு இருந்த அக்காள், தாமே கையைப் பிடித்து இழுத்துவந்தார். அழுத்தம் வலக்கண்ணில் 28, இடக்கண்ணில் 26. நரம்பில் சேதம் அப்போதுதான் தொடங்கியிருந்தது, ஓரப் பார்வை முழுதாக இருந்தது. அன்றே சொட்டு மருந்து தொடங்கினோம். ஆயுள் முழுவதும் விடவேண்டும், ஒருநாள் கூடத் தவறக்கூடாது என்று சொன்னபோது அவர் முகம் வாடியது.

அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே மருந்து, ஒரே நேரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டரை மணிக்கு இருவரையும் திண்ணையில் அண்ணாந்து உட்காரவைத்து அக்காள்தான் சொட்டு விடுகிறாராம். கடலுக்குப் போகும் இரவுகளில் மகன் சிறிய பாட்டிலைப் படகில் எடுத்துப்போகிறார். போன மாதம் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் அழுத்தம் 16.